மொத்த டிக்

ஹேமலதா டீச்சருக்குக் கெட்டிக்காரி என்று பேர் வாங்குவதில் கொள்ளை ஆசை. அதில் தப்பு ஒன்றுமில்லை, பேர் வாங்குகிற அளவுக்கு அவளிடம் சரக்கும் இருந்தது. வீடு சத்துவாச்சாரியில். வேலை ஆம்பூரைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கிற ஓர் அரசு உயர்நிலைப்பள்ளியில். தினமும் பஸ்ஸில் போகிற நேரத்தில் மற்ற டீச்சர்கள் தூங்கி விழுவார்கள், இல்லையென்றால் நாத்தனாரைத் திட்டுவார்கள். இவள் போனை நோண்டி நோண்டியே எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள். ஸ்மார்ட் போர்டு மக்கர் பண்ணினால் பக்கத்துப் பள்ளிகளிலிருந்துகூட அவளுக்குத்தான் போன் வரும்.

அவள் வகுப்பாசிரியையாக இருந்த ஒன்பதாம் வகுப்புக்கு அவளே ஓர் ஏற்பாடு செய்துவைத்திருந்தாள். காலையில் போனில் வருகையைப் பதிந்துவிட்டால் போதும். ஒன்பதரை மணிக்கு, வந்த பிள்ளையின் வீட்டுக்கு ‘உங்கள் பிள்ளை இன்று பள்ளிக்கு வந்துள்ளார்’ என்றும், வராத பிள்ளையின் வீட்டுக்கு ‘வரவில்லை’ என்றும் செய்தி தானாகப் போய்விடும். அப்பா நம்பர், அம்மா நம்பர் இரண்டுக்கும் போகும். விடியற்காலையிலேயே ஷூ கம்பெனிக்கும் தோல் பதனிடுகிற டேனரிக்கும் கிளம்பிவிடுகிற ஜனங்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அவ்வளவு பெருமை.

ஆனால் அந்தப் பெருமையில் ஓர் ஓட்டை இருந்தது. பள்ளிக்கூடத்தில் டவர் வரும், உடனே போகும். வட்டார வாட்ஸ்அப் குரூப்பிலோ, எந்தப் பள்ளி முதலில் வருகையை முடித்தது என்று தினமும் வரிசை போடுவார்கள். கடைசியில் வந்தால் ஹெட்மாஸ்டருக்குத் தலைகுனிவு. டீச்சர்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவைத்திருந்தார்கள். பஸ்ஸிலேயே, டவர் நன்றாக இருக்கிற பள்ளிகொண்டா டோல்கேட் பக்கம், ‘அனைவரும் வருகை’ என்ற பொத்தானை அமுக்கிவிடுவது. அப்புறம் வகுப்புக்குப் போய்ப் பிள்ளைகளைப் பார்த்து, வராதவர்களை மட்டும் ஒன்பதரைக்குள் ஸ்டாஃப் ரூம் ஜன்னலோரம் நின்று திருத்திக்கொள்வது. இதற்கு அவர்களுக்குள் ‘மொத்த டிக்’ என்று பேர். ஊரே செய்கிறது, நாமும் செய்கிறோம், யாருக்கு இன்னா நஷ்டம் என்று அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

அந்த வியாழக்கிழமை ஹேமலதா பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை. ஆம்பூரில் வட்டாரப் பயிற்சிக் கூட்டம். வகுப்பறைத் தொழில்நுட்பத்தைப் பற்றித்தான். அவளுடைய வருகை ஏற்பாட்டை மற்ற ஆசிரியர்களுக்கு மேடையேறிக் காட்டச் சொல்லியிருந்தார்கள். புதுப் புடவை கட்டிக்கொண்டாள். பஸ் டோல்கேட்டைத் தாண்டும்போது பழக்க தோஷத்தில் கட்டைவிரல் தானாகப் போய் மொத்த டிக்கைப் போட்டது. இன்றைக்குத் திருத்த நாம் அங்கே இருக்கப் போவதில்லையே என்ற நினைப்பு வரவேயில்லை. மண்டை முழுக்க மேடைதான் இருந்தது.

கூட்டத்தில் முதலில் ஒரு சுயமதிப்பீட்டுத் தாள் கொடுத்தார்கள். தொழில்நுட்பத்தில் உங்கள் திறனுக்கு நீங்களே ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டும். பக்கத்தில் இருந்தவர்கள் மூன்று போடலாமா நான்கு போடலாமா என்று பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். ‘மாணவர் விவரங்களைப் பிழையின்றிக் கையாளுகிறேன்’ என்ற வரிக்கு ஹேமலதா யோசிக்காமல் ஐந்து போட்டாள். எல்லா வரிக்கும் ஐந்துதான். தன்னைத்தானே குறைத்துச் சொல்லிக்கொள்வது பொய்யடக்கம் என்பது அவள் கட்சி.

மேடையில் அவளுடைய போனைப் பெரிய திரையோடு இணைத்தார்கள். போனில் தெரிவதெல்லாம் திரையில் தெரிந்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் பேர்கள் வரிசையாக, எல்லாப் பேருக்கும் பக்கத்தில் பச்சை டிக். பார்க்கவே குளுமையாக இருந்தது. வட்டார அலுவலர் முன்வரிசையில் தலையாட்டினார். அப்போது திரை முழுக்க ஹெட்மாஸ்டரின் பேர் வந்து அதிர்ந்தது. மக்பூல் அகமது சார் அநாவசியமாகக் கூப்பிடுகிற மனுஷர் இல்லை. ஹேமலதா மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனைக் காதில் வைத்தாள்.

சார் சிரித்துக்கொண்டே பேசினார். குழந்தைகள் உதவி எண்ணிலிருந்து பரணிதரன் என்று ஓர் ஆள் கூப்பிட்டானாம். உங்கள் பள்ளியில் படிக்கும் கவிப்ரியாவுக்கு இன்றைக்கு ரகசியமாகக் கல்யாணம் நடக்கப்போகிறது என்று யாரோ அக்கம்பக்கத்தவர்கள் புகார் சொல்லியிருக்கிறார்கள், பெண் பள்ளிக்கு வந்திருக்கிறதா என்று கேட்டானாம். சார் ஹேமலதாவின் பதிவைப் பார்த்துவிட்டு, பெண் வகுப்பில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறது, எவனோ கதை கட்டுகிறான் என்று சொல்லிவிட்டாராம். கிளம்பத் தயாராக இருந்த ஜீப்பையும் அவர்கள் வேறு வேலைக்கு அனுப்பிவிட்டார்களாம்.

பஸ்ஸில் போட்ட மொத்த டிக் ஹேமலதாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

“சார், கிளாஸ்ல போய்ப் பாத்தீங்களா?”

“நீங்க போட்டிருக்கீங்களேம்மா. நான் எதுக்குப் பாக்கணும்?”

ஒரு நிமிஷம் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று கெஞ்சினாள். அவர் குரலில் சிரிப்பு போய்விட்டது. செருப்புச் சத்தம் வராந்தாவில் போவது போனில் கேட்டது. மேடையில் எல்லோரும் பார்க்க நின்றபடி அவள் காத்திருந்தாள்.

கவிப்ரியாவின் அம்மா அம்சவேணி, ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் வேலை செய்பவள். புருஷன் கோவிந்தராஜ் சண்டை போட்டுக்கொண்டு நாட்றம்பள்ளிப் பக்கம் அவன் அக்கா வீட்டோடு போய்விட்டான். அந்த அக்கா மகனுக்குக் கவிப்ரியாவைக் கட்டிக்கொடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தான். பெண்ணுக்கு வயசு பதினாலு. ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்றே அம்சவேணி அரை நாள் லீவு போட்டுவிட்டு ஹேமலதாவைப் பார்க்க வந்தாள். கம்பெனிக்குள்ளே போனை விட மாட்டார்கள், கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், டீ டைமில் மட்டும் போய்ப் பார்க்கலாம், என் பெண் என்றைக்கு வகுப்பில் இல்லையோ அன்றைக்கு எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்றாள். ஹேமலதா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இனிமேல் அந்தக் கவலையே வேண்டாம், ஒன்பதரைக்கு உன் போனில் செய்தி இருக்கும் என்று வாக்குக் கொடுத்தாள். அம்சவேணி அன்று கும்பிட்டுவிட்டுப் போனாள். கும்பிட்டது ஹேமலதாவுக்குப் பிடித்தும் இருந்தது.

சார் திரும்பி வந்தார். கவிப்ரியா இல்லை, காலையிலிருந்தே வரவில்லை என்று வகுப்பைப் பார்த்துக்கொண்ட சௌந்தரம் டீச்சர் சொன்னாராம். அவருக்கு வேர்த்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“பேஜார் ஆக்கிக்காதீங்கம்மா. காலைல வந்தா, இன்டர்வெல்ல போய்ட்டான்னு சொல்லிடலாம். அவங்களும் தேடுவாங்க, நம்ம பதிவும் நிக்கும்.”

நல்ல மனுஷர்தான். இருபது வருஷ சர்வீஸில் ஒரு மெமோ வாங்காதவர். அவர் சொன்னது ஹேமலதாவின் காதில் தேனாக இறங்கியது என்பதை மறைப்பானேன். ஒரே ஒரு வார்த்தையை மாற்றினால் போதும். பெண்ணைத் தேடவும் செய்வார்கள், இவள் மேடையிலிருந்து கௌரவமாக இறங்கவும் செய்யலாம். கை போனில் கவிப்ரியாவின் பேர் இருக்கிற வரியைத் தேடிப் போகவும் செய்தது.

ஆனால் இன்டர்வெல்லில் போனாள் என்று சொன்னால் அவர்கள் எங்கே தேடுவார்கள்? பள்ளிக்கூடத்து வாசலில், பஸ் ஸ்டாப்பில், தோழி வீட்டில். இன்றைக்கு ரகசியக் கல்யாணம் என்று சொன்ன அந்த அக்கம்பக்கத்தவரின் புகார் பொய்யாகவே இருந்துவிடும். இவர்கள் இங்கே தேடி முடிப்பதற்குள் அங்கே தாலி ஏறிவிடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், ஒரு பெண்ணின் கழுத்தை எதில் மறைப்பது? ஹேமலதா சாரிடம் பரணிதரனின் நம்பரை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பரணிதரன் சின்ன வயசுக்காரன் போலிருந்தது, ஆனால் குரலில் சலிப்பு ஜாஸ்தி. காலையிலிருந்து பொய்ப் புகாராகவே வருகிறதாம். ஹேமலதா விஷயத்தைச் சொன்னதும் அவளையே திருப்பிக் கேட்டான்.

“பதிவுல வருகைன்னு இருக்கே மேடம். பதிவு பொய்யா, இப்ப நீங்க சொல்றது பொய்யா?”

“பதிவுதான் பொய். நான் போட்டது.”

இதை எழுத்தில் கொடுத்தால்தான் போலீஸைக் கூட்டிக்கொண்டு கிளம்ப முடியும், ஏற்கெனவே பள்ளிக்கூடத்தில் ஒன்று சொல்லியிருக்கிறார்கள் என்றான். இந்த நம்பருக்கே அனுப்புங்கள் என்று சொல்லி வைத்துவிட்டான்.

ஹேமலதா மேடையிலேயே நின்று தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள். ‘இன்று காலை நான் என் வகுப்புக்குப் போகவில்லை. பிள்ளைகளைப் பார்க்காமல் பஸ்ஸில் இருந்தபடியே எல்லோரும் வந்ததாகப் பதிந்துவிட்டேன்.’ அந்த இடத்தில்தான் ஹாலில் சத்தமே இல்லை என்று உறைத்தது. நிமிர்ந்து பார்த்தாள். அத்தனை பேரும் அவளுக்குப் பின்னால் இருக்கிற திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போன் இன்னும் திரையோடு இணைந்தபடியே இருந்தது. அவள் எழுதுவதெல்லாம் எழுத்தெழுத்தாகச் சுவர் உயரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

இணைப்பைத் துண்டிக்க அவளுக்குத் தெரியாதா? ஊருக்கே சொல்லிக்கொடுத்தவள். இரண்டு தட்டில் முடிந்துபோகும். கட்டைவிரல் அந்தரத்தில் நின்றது. தூ, இந்த நேரத்தில் மானம் ஒரு கேடா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மறுபடி குனிந்து, ‘கவிப்ரியா இன்று பள்ளிக்கு வரவே இல்லை. தவறு முழுக்க என்னுடையது’ என்று எழுதி, பேரும் பள்ளியும் போட்டு அனுப்பினாள். வட்டார அலுவலர் எழுந்து நின்றுவிட்டார். மற்றவர்கள் யாரும் அவளைப் பார்க்கவில்லை, அவரவர் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது வரிசையில் ஓர் ஆசிரியை தன் போனை எடுத்துக்கொண்டு வேகமாக வெளியே போனாள். தன் வகுப்புக்குப் போன் போடத்தான் போகிறாள் என்று ஹேமலதாவுக்குப் புரிந்தது.

பரணிதரனையும் அங்கேயே வரச் சொல்லிவிட்டு, ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் தனி ஆட்டோ பிடித்து அம்சவேணியின் கம்பெனி கேட்டுக்குப் போனாள். செக்யூரிட்டியிடம் அவசரம் என்று சொல்லி அம்சவேணியைக் கூப்பிட்டு வரச் செய்வதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. அம்சவேணி ஏப்ரனோடு வந்தாள். மேலெல்லாம் நூல் பிசிறு, கையில் ஷூ ஒட்டுகிற சொல்யூஷன் வாசனை. டீச்சரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அப்புறம்தான் டீச்சர் எதற்கு இங்கே என்ற சந்தேகம் வந்தது.

“இன்னா டீச்சர்? டீ டைம்ல பாத்தேனே, வந்துட்டான்னு மெசேஜ் இருந்துச்சே.”

ஹேமலதா சுற்றி வளைக்கவில்லை. நான் பார்க்காமல் போட்டுவிட்டேன், அவள் பள்ளிக்கே வரவில்லை, கல்யாணம் என்று புகார் வந்திருக்கிறது, ஜீப் வருகிறது என்று சொன்னாள். அம்சவேணி கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அம்சவேணி ஏப்ரனை அவிழ்த்து மடித்து செக்யூரிட்டி மேஜைமேல் வைத்தாள். புருஷனுடைய அக்கா வீட்டுக் குலதெய்வக் கோயில் நாட்றம்பள்ளி தாண்டி ஓர் ஏரிக்கரையில் இருக்கிறது, செய்தால் அங்கேதான் செய்வார்கள் என்று மட்டும் சொன்னாள். டீச்சர் முகத்தைப் பார்க்கவில்லை.

பரணிதரன் ஒரு பெண் போலீஸோடு ஜீப்பில் வந்து இருவரையும் ஏற்றிக்கொண்டான். ஜீப் வாணியம்பாடியைத் தாண்டியது. ஹைவேயில் ஒரு கண்டெய்னர் லாரி வழியை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினான். உச்சிவேளையில் முகூர்த்தம் வைத்திருப்பார்கள் என்று அம்சவேணி திடீரென்று சொன்னாள். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. அப்புறம் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

“அப்ப தெனமும் பாக்காமதான் போடுவீங்களா, டீச்சர்?”

தினமும் அப்புறம் பார்த்துத் திருத்திவிடுவேன், இன்றைக்குத்தான் என்று சொல்ல வாயெடுத்தாள் ஹேமலதா. சொன்னால் அது உண்மைதான். ஆனால் அந்த உண்மையை வைத்துக்கொண்டு அந்த அம்மா என்ன செய்வாள்? ஆமாம் என்று மட்டும் சொன்னாள். ஐந்து, ஐந்து, ஐந்து என்று தாளில் போட்டது ஞாபகம் வந்தது. பிழையின்றிக் கையாளுகிறேனாம். செய்தி போகிறதா என்று நூறு தடவை சோதித்துப் பார்த்தவள், போகிற செய்தி நிஜமா என்று இன்றைக்கு ஒரு தடவை பார்க்கவில்லை. அழுகை வந்தது. அம்சவேணி அழாதபோது தான் அழுவது அசிங்கம் என்று அடக்கிக்கொண்டாள்.

ஏரிக்கரையில் வேப்பமரத்தடியில் பந்தல் இல்லை, மேளம் இல்லை. இருபது முப்பது பேர் அவசர அவசரமாகக் கூடியிருந்தார்கள். கவிப்ரியா பட்டுப்புடவையில் மாலையோடு உட்கார்ந்திருந்தாள். தட்டில் தேங்காய்மேல் தாலி இருந்தது. பூசாரி அதைக் கையில் எடுக்கவும் ஜீப் வந்து சேரவும் சரியாக இருந்தது. அம்சவேணி ஜீப் முழுதாக நிற்பதற்கு முன்பே குதித்து ஓடினாள். மகள் கழுத்து மாலையைப் பிய்த்து எறிந்தாள். மாப்பிள்ளை எழுந்து மரத்துக்குப் பின்னால் போய்விட்டான். அவன் அம்மா மண்ணை வாரித் தூற்றினாள்.

கோவிந்தராஜ் மட்டும் அசையவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பரணிதரனின் முகத்துக்கு நேரே நீட்டினான்.

“பொண்ணு ஸ்கூல்ல இருக்குதுன்னு ஸ்கூலே போட்டிருக்குது. நீங்க யாரைத் தேடிக்கினு வந்தீங்க? இது வெறும் சாமி கும்புடறது.”

அப்பா நம்பர், அம்மா நம்பர் இரண்டுக்கும் செய்தி போகும்படி செய்தது ஹேமலதாவேதான். அவள் போய் அவனுக்கு முன்னால் நின்றாள். அந்தச் செய்தி பொய், போட்டவள் நான்தான், எழுதியும் கொடுத்துவிட்டேன் என்றாள். அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். பெண் போலீஸ் போனை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

திரும்பும்போது ஜீப்பின் பின்சீட்டில் கவிப்ரியா நடுவில் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் அம்மா, இன்னொரு பக்கம் டீச்சர். அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள், முகத்தில் பவுடரும் கண்ணீரும் கலந்து கோடு விழுந்திருந்தது. ஹேமலதா அவள் கையைத் தொட்டு, மன்னிச்சுடும்மா என்றாள். கவிப்ரியா கையை இழுத்துக்கொள்ளவில்லை. கோபமாகவும் பேசவில்லை, பாடம் ஒப்பிக்கிற மாதிரித்தான் பேசினாள்.

“காலைல பஸ் ஸ்டாப்புலயே அப்பா வந்து கூட்டினு போய்ட்டாரு. நான் கத்தல டீச்சர். ஒம்போதரைக்கு நான் வரலன்னு நீங்க மெசேஜ் போடுவீங்க, அம்மா பாத்துட்டு வந்துடும்னு இருந்தேன். பொடவ கட்ட மாட்டேன்னு அதுவரைக்கும் ரூம்ல உக்காந்துனு இருந்தேன். அப்புறம் அப்பா போன்ல மெசேஜ் வந்துச்சு. எனக்குக் காட்டினாரு. அதப் பாத்த பொறவுதான் கட்டிக்கினேன்.”



வெள்ளிக்கிழமை வாக்குமூலம், விசாரணை என்றே போயிற்று. மெமோ சனிக்கிழமையே வந்தது. வட்டார அலுவலர் கையெழுத்துப் போட்டிருந்தார். மக்பூல் சாருக்கும் ஒன்று வந்தது. அவர் அவளிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, பேசவுமில்லை. சுயமதிப்பீட்டுத் தாளை அவள் ஹாலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். யாரும் அதைக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை பஸ் டோல்கேட்டைத் தாண்டியபோது பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வட்டார வரிசையில் அவர்கள் பள்ளி அன்று கடைசி. முதல் மணி அடித்ததும் வகுப்புக்குப் போய், போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டாள். பிள்ளைகளுக்கு அது புதுசு, ஆளுக்கு ஒரு தினுசாக உள்ளேன் சொல்லிச் சிரித்தார்கள். பேரைப் படிக்க வேண்டும், குரல் வந்ததும் டிக் போட வேண்டும், அடுத்த பேரைத் தேட வேண்டும். கொஞ்ச நேரத்திலேயே அவள் தலை போனுக்குள் கவிழ்ந்துவிட்டது. பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடுமா?

“கவிப்ரியா.”

பதில் வரவில்லை. ஹேமலதா மறுபடி கூப்பிட்டாள். வகுப்பு அமைதியாகிவிட்டது. தலையை நிமிர்த்தினாள்.

மூன்றாவது பெஞ்சில் கவிப்ரியா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். எப்போதோ எழுந்திருக்க வேண்டும். வாயைத் திறக்காமல் டீச்சரையே பார்த்துக்கொண்டு நின்றாள். டீச்சரின் கண் தன்மேல் வந்து விழுகிற வரைக்கும் காத்திருந்தாள். விழுந்ததும், “உள்ளேன் டீச்சர்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

ஹேமலதா அதற்கப்புறம்தான் டிக் போட்டாள்.